பூட்டுப் பெட்டிக்குள் கருஞ்சிட்டு

அப்பாவை முதியோர் இல்லத்தில் சேர்த்துவிடுவது என்று நானும் அண்ணனும் ஃபோனில் பேசி முடிவெடுத்த அதே வாரத்தில், எங்கள் வீட்டுக் கேட்டில் ஒரு குருவி கூடு கட்டியிருப்பது தெரியவந்தது. கேட்டின் மேலேயோ ஓரத்திலோ கட்டியிருந்தால் யாருக்கும் தொந்தரவில்லை. அது கட்டியது பூட்டுப் பெட்டிக்குள்.

பெங்களூரில் புதிதாக வீடு கட்டுகிறவர்கள் கேட்டில் இந்தப் பெட்டியை வைத்துக்கொள்கிறார்கள். பூட்டு மழையில் நனையக் கூடாது, யாரும் பிளேடு வைத்து அறுக்கவும் கூடாது. அதற்காகத் தாழ்ப்பாளைச் சுற்றி இரும்புத் தகட்டில் ஒரு டப்பா செய்து வெல்டிங் வைத்துவிடுவார்கள். கை நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை இருக்கும். உள்ளே கையை விட்டுத் தடவித் தடவித்தான் சாவி போட வேண்டும். எங்கள் கேட்டைச் செய்தவர் தாராள மனசுக்காரர். டிபன் கேரியரையே உள்ளே வைக்கலாம், அவ்வளவு பெரிய டப்பா. பூட்டுக்குப் பின்னால் சும்மா கிடந்த இடத்தை ஒரு கருஞ்சிட்டு வாடகை இல்லாமல் எடுத்துக்கொண்டது.

கருஞ்சிட்டைப் பலரும் பார்த்திருப்பார்கள், பெயர் கேட்டிருக்க மாட்டார்கள். ஊர்க்குருவியைவிடக் கொஞ்சம் பெரிது. ஆண் கன்னங்கரேலென்று இருக்கும். பறக்கும்போது தோளில் ஒரு வெள்ளைத் தீற்றல் தெரியும், வாலடியில் செங்கல் நிறம். பெண் வெறும் மண் நிறம். இரண்டும் வாலைச் செங்குத்தாகத் தூக்கியபடியே திரியும், யாரோ வம்புக்கு இழுத்துவிட்டதுபோல. ஏரியும் தோப்பும் அதற்குத் தேவையில்லை. கல்லும் முள்ளும் காய்ந்த தரையும், அந்தத் தரையில் எறும்பும் கரையானும் இருந்தால் போதும்.

அத்திபெலேயிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் எங்கள் லேஅவுட்டில் இருப்பதும் அவ்வளவுதான். சைட் என்று இங்கே சொல்கிற மனையை வாங்கிப் போட்டவர்கள் எல்லோரும் விலை ஏறக் காத்திருக்கிறார்கள். நட்ட எல்லைக் கற்கள், உண்ணிச்செடிப் புதர், நடுவில் எங்கேயோ ஒரு வீடு. அந்த வீடுகளில் ஒன்று எங்களுடையது. அம்மா போன பிறகு ஜோகுபாளையத்து வீட்டை விற்றுவிட்டு இங்கே வந்தோம். அண்ணன் மெல்போர்னில் இருக்கிறான். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை, ஆகாததைப் பற்றி இங்கே எழுதப் போவதும் இல்லை. ஆக, வீட்டில் நானும் அப்பாவும்தான்.

அப்பா அரசு பஸ் டிப்போவில் கன்ட்ரோலராக இருந்து ரிட்டயர் ஆனவர். அவர் கையெழுத்து போடாமல் ஒரு வண்டியும் டிப்போ கேட்டைத் தாண்டாது. வீட்டிலும் அப்படித்தான் இருந்தார். சில வருடங்களாக அவருக்கு ஞாபகம் கலைந்துகொண்டு வருகிறது. காலையில் சாப்பிட்டது மதியத்துக்குள் போய்விடும். என்னைச் சில நேரம் அம்மா என்று நினைப்பார், சில நேரம் அவருடைய தங்கை, சில நேரம் பென்ஷன் ஆபீஸில் உட்காரும் அம்மாள். எதுவாக நினைத்தாலும் கேட்பது ஒன்றுதான். "வீட்டுக்குப் போலாமா?"

இதுதான் வீடு என்று சொன்னால் கோபம் வரும். ஒருநாள் நான் மீட்டிங்கில் இருந்தபோது, பெரிய கேட்டை ஒட்டியிருந்த சின்ன கேட்டைத் திறந்துகொண்டு போய்விட்டார். ஹைவே பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டு, வந்த பஸ்களை எல்லாம் கைகாட்டி நிறுத்தி, டிரைவர்களிடம் ட்ரிப் ஷீட் கேட்டுக்கொண்டிருந்தார். டிரைவர்கள் சிரித்தார்கள். ஒருவர் எழுந்து நின்று சல்யூட்கூட அடித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆளைக் கூப்பிட்டுச் சின்ன கேட்டை அப்படியே வெல்டிங் வைத்து மூடினேன். அதன் பிறகு எங்களுக்கு வெளியே போக, உள்ளே வர, பெரிய கேட் ஒன்றுதான். அதில் எப்போதும் பூட்டு.

அந்தப் பூட்டை அப்பா பகல் முழுக்க வந்து வந்து ஆட்டிப் பார்ப்பார். கடகடவென்று அந்தச் சத்தம் என் மேஜைவரை கேட்கும். கேட்டால் நிம்மதி, ஆள் உள்ளே இருக்கிறார். கேட்காவிட்டால் எழுந்து ஓட வேண்டும். இப்படி ஒரு காதை கேட்டுக்குக் கொடுத்துவிட்டு இன்னொரு காதில் ஹெட்செட் மாட்டி வேலை செய்தேன். என்னால் குளிக்கக்கூட நிதானமாகக் குளிக்க முடியவில்லை. சிறைக்குக் காவலாக நிற்கிறவரும் சிறைக்குள்தானே நிற்கிறார். அதைப் புரிந்துகொள்ள எனக்கு நாற்பது வயதாக வேண்டியிருந்தது.

யுகாதிக்கு வேலைக்கார அம்மா ஓசூர்ப் பக்கம் தன் ஊருக்குப் போய்விட்டார். ஒரு வாரம் பால், காய்கறி, மாத்திரை எல்லாமே கேட்டுக்கு மேலே கைமாறின. அந்த வாரம் முழுக்க நாங்கள் ஒருமுறைகூட கேட்டைத் திறக்கவில்லை. அது எனக்கு உறைக்கவே இல்லை என்பதுதான் இப்போது நினைத்தால் பயமாக இருக்கிறது. எங்களுக்குப் பதிலாக அந்தக் குருவி கவனித்திருக்கிறது, யாரும் திறக்காத கேட் இது என்று. அப்பா அந்த வாரம் காய்ச்சலில் படுத்திருந்ததால் பூட்டை ஆட்டவும் ஆளில்லை.

காய்ச்சல் விட்டதும் அப்பா நேராக கேட்டுக்குப் போனார். டப்பாவுக்குள் கையை விட்டார். உள்ளே இருந்து ஒரு குருவி விருட்டென்று அவர் மணிக்கட்டை உரசிக்கொண்டு வெளியே பாய்ந்தது. பதறிப்போய்க் கையை எடுத்தவர், குனிந்து ஓட்டைக்குள் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் திரும்பி வந்து ஜன்னல் வழியாக என்னிடம் சொன்னார்.

"உள்ள முட்டை இருக்குது. இனிமே யாரும் கேட்டத் தெறக்கக் கூடாது."

நான் ஹெட்செட்டைக் கழற்றிவிட்டுப் போய்ப் பார்த்தேன். ஃபோன் வெளிச்சத்தில் தெரிந்தது. வேர்நார், புல், ஒரு துண்டு பாம்புச் சட்டை, அதற்குள் வெள்ளை முடி மெத்தை. அப்பாவுக்கு வீட்டு வாசலிலேயே ஆளை வரவழைத்து முடி வெட்டியிருந்தோம், அது. நடுநடுவே கறுப்பு முடியும் இருந்தது. நான் தலைவாரிச் சுருட்டி மதிலுக்கு வெளியே எறிகிற முடி. அதன்மேல் புள்ளி போட்ட மூன்று முட்டைகள்.

மறுநாள் வேலைக்கார அம்மா ஊரிலிருந்து வந்து கேட்டைத் தட்டினார். அப்பா போய்க் குறுக்கே நின்றுகொண்டார்.

"ஈக ஆகல்ல. நாளெ பன்னி" என்று கன்னடத்தில் கறாராகச் சொன்னார். இப்போது முடியாது, நாளைக்கு வாருங்கள் என்று.

"அக்கா, தாத்தா கேட்டத் தொடவே வுடமாட்டேங்குறாரு" என்று வெளியிலிருந்து குரல் வந்தது.

காரணத்தைச் சொன்னேன். அந்த அம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு, "முட்டை மேல இருக்கற பறவையக் கலைக்கக் கூடாதுக்கா, அது நமக்கே ஆகாது" என்றார். அதோடு விஷயம் முடிந்தது. வடக்குப் பக்கம் காலி சைட். அந்த ஓனரும் செலவில் சேர்ந்துகொள்வார் என்று நம்பி நெஞ்சளவில் நிறுத்திய மதில் அப்படியே நிற்கிறது. வெளியே நாலு சிமென்ட் கல், உள்ளே ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல். அந்த அம்மா சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு ஏறி இறங்கினார். எனக்கும் அதுதான் வழி. அப்பாவின் முழங்கால் ஒரு படி ஏறவே யோசிக்கும் என்பதால் அவரைப் பற்றிப் பயமில்லை. கார் மட்டும் உள்ளேயே நின்றது.

கஷ்டம் என்னவென்றால், அப்பாவுக்கு அந்தச் செய்தி ஒருமுறை தெரிந்து முடிவதாக இல்லை. அரை மணி நேரத்தில் மறந்துவிடுவார். மறுபடி வீட்டுக்குப் போக வேண்டும் என்று கிளம்புவார், கேட்டுக்குப் போவார், கையை விடுவார், குருவி பாயும், பதறுவார், குனிந்து பார்ப்பார், முகம் மலர என்னிடம் வந்து சொல்வார். ஒவ்வொரு முறையும் அது அவருக்குப் புதுச் செய்தி. ஒவ்வொரு முறையும் நானும் "அப்படியாப்பா?" என்று வியக்க வேண்டும். இப்படியே போனால் குருவி வெறுத்துப்போய்க் கூட்டைக் கைவிட்டுவிடும் என்று தோன்றியது. கேட்டுக்குக் கொஞ்சம் தள்ளி வேப்பங்கன்று நிழலில் ஒரு நாற்காலியைப் போட்டு அவரை உட்கார வைத்தேன். எதிரே குருவி போவதும் வருவதும் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்ததால் மறப்பதற்கு அவருக்கு நேரம் கிடைக்கவில்லை.

அன்றிலிருந்து அப்பா டியூட்டியில் சேர்ந்துவிட்டார். குளித்து, சட்டை போட்டு, பொத்தானைக் கழுத்துவரை மாட்டி, நாற்காலியில் உட்காருவார். ஆண் குருவி எதிர் சைட்டின் எல்லைக் கல்லில் நின்று பாடும். பெரிய பாட்டெல்லாம் இல்லை, சின்னதாக ஒரு சீழ்க்கை, கொஞ்சம் நிறுத்தி இன்னொன்று. பெண் வெளியே வந்து தரையில் தத்தி எறும்பு பொறுக்கிவிட்டு மறுபடி டப்பாவுக்குள் போகும். அப்பா தலையசைப்பார். கூரியர்காரர்கள் யாராவது கேட்டில் கை வைத்தால், "ஏய், கை எடு" என்பார். டிப்போவில் பேசிய அதே குரல். பல வருடம் கழித்து நான் அதைக் கேட்டேன்.

ஏப்ரல் வெயிலில் அந்த இரும்பு டப்பா தொட முடியாமல் கொதித்தது. பெண் குருவி உள்ளே வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தது. எழுந்து போனால் முட்டை கெடும், போகாவிட்டால் தான் வெந்துவிடும். எனக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை. வேண்டுமென்றேதான் பார்க்காமல் இருந்தேன், என் முகத்தை யாரோ வரைந்து காட்டியதுபோல இருந்தது. அப்பாதான் ஒரு கோணிப்பையைத் தேடி எடுத்து, நனைத்து, டப்பாவின் மேல் போட்டார். காய்ந்ததும் மறுபடி நனைத்தார். இதை மட்டும் அவர் மறக்கவில்லை. கையில் இருக்கும் வேலையை மறக்கிற வியாதி அவருக்கு இல்லை போலிருக்கிறது. வேலை இல்லாமல் போனதுதான் வியாதியோ என்னவோ, டாக்டரிடம் கேட்டால் சிரிப்பார்.

வீட்டுக்குப் போலாமா என்ற கேள்வி நின்றுபோயிற்று. என் மேஜைக்கு அந்தக் கடகடச் சத்தம் வரவில்லை, நானும் எழுந்து ஓடவில்லை. ஆனால் நான் கொஞ்சம்கூட விடுதலை அடைந்ததாக நினைக்க வேண்டாம். ஆபீஸில் எல்லோரும் வாரத்தில் பாதி நாள் வைட்ஃபீல்டுக்கு நேரில் வர வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். மேனேஜர் நல்ல மனுஷி. "உங்க சிச்சுவேஷன் புரியுது, ஆனா என் கையில எதுவும் இல்ல" என்றாள். யார் கையிலும் எதுவும் இல்லை. அண்ணன் தேடிக் கண்டுபிடித்த இல்லம் சர்ஜாபூர் ரோட்டில் இருந்தது. நான் போய்ப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது, தோட்டம் இருந்தது, தமிழ் பேசுகிற நர்ஸ் இருந்தார். குறை சொல்ல ஏதாவது கிடைக்காதா என்று தேடினேன், கிடைக்கவில்லை.

நான் அவரை அனுப்ப விரும்பினேன். அதை மூடி மறைக்க எனக்கு மனமில்லை. என் மிச்ச வாழ்க்கை எனக்கு வேண்டியிருந்தது. ஒரு பஸ்ஸில் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, யாருக்கு என்ன ஆயிற்றோ என்று நினைக்காமல் சிவாஜிநகர்வரை போய் வர வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை. அதே சமயம் அனுப்புகிற நாள் மட்டும் வரவே கூடாது என்றும் இருந்தது. இரண்டும் ஒரே நெஞ்சில்தான் இருந்தன. அதனால்தான் அந்தக் குருவியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

"காரை வெளிய எடுக்க முடியாதுண்ணா. குஞ்சு பறக்கட்டும்" என்றேன் அண்ணனிடம்.

"ஒரு குருவிக்காகவா ஹோம்ல கெடைச்ச ரூமை விடப் போறே?"

"ஆமா."

"டாக்ஸி கூப்பிடு. அப்பாவத் தூக்கி மதிலுக்கு அந்தப் பக்கம் விட ஆளா கிடைக்காது?"

"நீ வந்து தூக்கி விடு" என்றேன். இல்லத்திலிருந்து தினம் ஃபோன் வந்தது. அறையை இதற்கு மேல் பிடித்து வைக்க முடியாது என்றார்கள். குருவி என்று சொன்னால் என்னையும் சேர்த்து அட்மிட் செய்துவிடுவார்கள் என்று பயந்து, கேட் ரிப்பேர் என்று சொல்லி வைத்தேன்.

முட்டை பொரிந்தது. மூன்றும் வாய்கள், மற்றபடி உடம்பென்று ஒன்றுமில்லை. ஆணும் பெண்ணும் மாறி மாறிப் புழு கொண்டுவந்தன, வெட்டுக்கிளி கொண்டுவந்தன. ஒரு சாயங்காலம் முதல் கோடை மழை பெய்து ஓய்ந்ததும் காலி சைட் முழுக்க ஈசல் கிளம்பிற்று. அன்று அந்த இரண்டுக்கும் நிலைகொள்ளவில்லை. அப்பா நனைந்த நாற்காலியிலேயே உட்கார்ந்து, ஒவ்வொன்றும் உள்ளே போகும்போது "ரைட்" என்றார், வெளியே வரும்போதும் "ரைட்" என்றார். நான் காபி கொண்டுபோய்க் கொடுத்தேன். என்னை நிமிர்ந்து பார்த்து, "சர்வீஸ் நல்லா போயினு இருக்குது" என்றார். அவரை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது. உள்ளே வந்து அழுதேன்.

குஞ்சுகள் பறந்தது ஒரு காலை, அப்பா குளித்துக்கொண்டிருந்தபோது. ஒன்று டப்பா விளிம்பில் வந்து நின்றது. எல்லைக் கல்லிலிருந்து ஆண் கூப்பிட்டது. விழுந்தது என்றுதான் நினைத்தேன், தரைக்குப் போகும் முன் இறகை அடித்துப் புதருக்குள் போய்விட்டது. அடுத்தது அதன் பின்னாலேயே போயிற்று. கடைசிக் குஞ்சுக்கு மட்டும் மனசு வரவில்லை. அம்மாக் குருவி வாயில் புழுவோடு எட்டத்தில் நின்று காட்டிக்கொண்டே இருந்தது, கொடுக்கவில்லை. பசி தாங்காமல் அதுவும் இறங்கிப் போயிற்று. வேலைக்கார அம்மா கையிலிருந்த துடைப்பத்தோடு என்னைப் பார்த்தார். இனிமேல் எனக்குச் சாக்கு எதுவும் இல்லை என்பது இரண்டு பேருக்கும் தெரிந்தது.

இல்லத்துக்கு ஃபோன் செய்து, இன்றைக்கே வருகிறோம் என்றேன். தள்ளிப்போட்டால் என்னால் முடியாது. பெட்டி ஏற்கெனவே கார் டிக்கியில் இருந்தது. டப்பாவுக்குள் கையை விட்டுச் சாவி போட்டேன். பூட்டு துருப்பிடித்திருந்தது, தேங்காயெண்ணெய் விட்டுத் திருக வேண்டியிருந்தது. சாவியைச் செருப்பு ஸ்டாண்டின் மேல் வைத்துவிட்டு கேட்டை முழுவதும் திறந்தேன். காரை ரிவர்ஸில் எடுத்து ரோட்டில் திருப்பி நிறுத்தினேன். அதற்குள் அந்த அம்மா அப்பாவுக்குச் சட்டை போட்டு அழைத்து வருவதாகப் பேச்சு.

நான் காரிலிருந்து இறங்கும்போது கேட் மூடிக்கொண்டிருந்தது. அப்பா இரண்டு கதவுகளையும் இழுத்துச் சேர்த்து, தாழ்ப்பாளைத் தள்ளி, டப்பாவுக்குள் கையை விட்டுப் பூட்டை அழுத்தினார். டக்கென்ற சத்தம் எனக்குக் கேட்டது. கேட்டுக் கம்பி வழியாக என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் நான் யாருமில்லை.

"யாரும்மா நீங்க?"

"கூட்டினு போக வந்திருக்கோம், சார்" என்றேன். என் அப்பாவை சார் என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"இப்போ கேட்டத் தெறக்க முடியாது. உள்ள குருவி இருக்குது."

"பறந்து போயிடுச்சு சார். பாருங்க."

குனிந்து பார்த்தார். வெறும் கூடு. கையை விட்டுத் தடவியும் பார்த்தார். சரி என்று தலையசைத்தார். நாற்காலி இருந்த பக்கம் திரும்பி ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடி என்னிடம் வந்தார்.

"இருந்தாலும் தெறக்க முடியாதும்மா."

"ஏன் சார்?"

"என் பொண்ணு உள்ள இருக்கா." குரலைத் தாழ்த்திக்கொண்டார், வீட்டுக்குள் இருப்பவளுக்குக் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல. "எனக்கு இப்பல்லாம் வழி தெரியறதில்லே. கேட் தெறந்திருந்தா நான் எங்கியாவது போயிடறேன். அன்னைக்கு அவ கால்ல செருப்புகூட இல்லாம ஹைவேல ஓடியாந்தா. கால் கிழிஞ்சு ரத்தம். பாவம், அவளுக்கு வேற யாரும் இல்ல. பூட்டியே இருக்கட்டும்."

அன்றைக்கு நான் செருப்பில்லாமல் ஓடியது எனக்கே நினைவில்லை. கால் கிழிந்ததும் நினைவில்லை. இடது பாதத்தில் ஒரு தழும்பு உண்டு, அது எப்படி வந்தது என்று நான் யோசித்ததே இல்லை.

அவருக்குப் பின்னால் வேலைக்கார அம்மா சாவியை எடுத்துக்கொண்டு வந்து நின்றார். நான் தெறக்கட்டா என்று கண்ணால் கேட்டார். வேண்டாம் என்று கையைக் காட்டினேன். காரில் உட்கார்ந்து இல்லத்துக்கு ஃபோன் போட்டேன். இன்றைக்கு வரவில்லை என்றேன். எப்போது வருவீர்கள் என்று கேட்டார்கள். வரவில்லை என்று மறுபடி சொன்னேன். ஆபீஸை என்ன செய்வது, அண்ணனிடம் என்ன சொல்வது, இதற்கு முடிவுதான் என்ன, ஒன்றும் தெரியவில்லை. ரோடு இரண்டு பக்கமும் காலியாகக் கிடந்தது. வண்டியில் பெட்ரோல் இருந்தது. எனக்கு வேண்டிய திசையில் நான் போயிருக்கலாம்.

காரைப் பூட்டிவிட்டு, காலி சைட் வழியாகச் சுற்றிப் போய், மதிலேறி உள்ளே இறங்கினேன். முகத்தைக் கழுவிக்கொண்டு வீட்டுக்குள்ளிருந்து வாசலுக்கு வந்தேன். அப்பா என்னைப் பார்த்ததும் சிரித்தார். ஒரு பெரிய வேலையை முடித்தவரின் சிரிப்பு.

"கார்ல யாரோ ஒரு அம்மா வந்துது" என்றார். "பயப்படாத. அனுப்பிட்டேன்."